ஒற்றை இடைவெளி

இலண்டன்,
9-2-1986

அன்புள்ள மச்சாள் பத்மாசினிக்கு,

நான் இங்கு நல்ல சுகம். நீரும் மாமாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று வருஷமாக ஒரு வரி போடாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று உறையைக் கண்டதுமே நினைத்திருப்பீர். வேலை அப்படி. இருட்டில் போய் இருட்டில் வருகிறேன்.

எங்கள் கம்பனி மற்றப் புரோகிராம்காரர்கள் வாங்கிப் பாவிப்பதற்கென்று ஆயத்தத் துண்டுகளை எழுதி விற்கிறது. மொத்தமாக லைப்ரரி என்பார்கள். வட்டம் போட ஒரு துண்டு, எழுத்துப் போட ஒன்று, கோடு போட ஒன்று. கோடு என் பொறுப்பு. கொம்பியூட்டர்த் திரை உமக்குத் தெரியாததல்ல. எங்களுடைய சதுரக் கொப்பித் தாள்தான். சாய்ந்த கோடு என்று உண்மையில் ஒன்றும் இல்லை. எந்தெந்தக் கட்டத்தை நிரப்பினால் கண்ணுக்குக் கோடு போலத் தெரியும் என்பதுதான் கேள்வி. ஆகக் குறைந்த கணக்கோடு அதைச் சொல்பவன் கெட்டிக்காரன். எங்கள் துண்டு மற்றக் கம்பனிகளின் துண்டுகளைவிட வேகமானது என்று இங்கே பெயர் எடுத்துவிட்டது.

ஒரு சின்னக் கரைச்சல். இந்த முனையிலிருந்து போட்ட கோட்டை மறு முனையிலிருந்து அழித்தால், சில கோடுகளில் ஒரு புள்ளி மட்டும் அழியாமல் நிற்கிறது. கட்டடப் படம் கீறும் வாடிக்கையாளர் ஒருவர் சுவர்களை அழித்து அழித்துப் போட்டதில், திரை முழுக்க அம்மைத் தழும்பாகக் கிடந்ததாம். ஜூலையில் புதிய பதிப்பு வரவேண்டும். மேலதிகாரி என் மேசையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

கம்பஸ் விடுமுறையில் நாங்கள் இருவரும் விளையாட்டாகக் கிறுக்கிய கொப்பி ஞாபகம் இருக்கிறதா? உம்மிடம் வேறு தாள்கள் கிடந்தால் அனுப்பும். ஒரு பேனை தனியாக அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்தில் பாவிக்கலாம்.

அம்மாவைக் கண்டால் நான் சுகமாக இருக்கிறேன் என்று சொல்லவும்.

அன்புடன்,
மச்சான் கனகலிங்கம்

*

சிவமயம்

கொக்குவில்,
2-3-1986

திரு. தி. கனகலிங்கம் அவர்களுக்கு,

நான் சுகம். ஐயாவும் சுகம். நீங்களும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, சுகம் விசாரிக்கிற வேலை எல்லோருக்கும் முடிந்தது.

உங்கள் கடிதத்துக்கு முன்பே உங்களைப் பற்றிய செய்தி எனக்கு வந்துவிட்டது. ஒல்லாந்தில் கணினி மேற்படிப்புக்கு இரண்டு வருஷப் புலமைப்பரிசில் ஒன்று அறிவித்திருந்தார்கள். சொந்த ஆய்வு ஒன்றை இணைக்கவேண்டும். நான் என் கோடு போடும் முறையை எழுதி அனுப்பினேன். வெறும் கூட்டலை வைத்துக் கோடு போடுவது வெள்ளைக்காரர் இருபது வருஷத்துக்கு முன்பே கண்டது. அதை நான் உரிமை கொண்டாடவில்லை. கட்டத்துக்குக் கட்டம் நின்று யோசிக்காமல், ஒரு படியில் எத்தனை கட்டம் என்று படிக்கு ஒருமுறை மட்டும் யோசிப்பது, இரண்டு முனையிலும் அரைப் படி வைப்பது, இவ்வளவும்தான் நான் என் மூளையைக் கசக்கி எடுத்தவை.

தை மாதம் கொழும்பிலிருந்து தெரிவுக் குழுவின் பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன். “இதே முறை, இதே எண் உதாரணத்துடன், இலண்டன் கம்பனி ஒன்றின் கையேட்டில் நாற்பத்தோராம் பக்கத்தில் தி. கனகலிங்கம் என்பவரின் பெயரில் வெளியாகியுள்ளது. பிறரின் ஆக்கத்தைத் தமதென்று சமர்ப்பித்தமைக்கு யூலை 31க்கு முன் விளக்கம் தருக. தவறின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதுடன் தங்கள் பாடசாலை அதிபருக்கும் அறிவிக்கப்படும்.”

எண் உதாரணமும் அதேதான். குறுக்கே பதினேழு கட்டம், கீழே ஐந்து. நான் பிறந்தது ஐந்தாம் மாதம் பதினேழாம் திகதி. களவெடுக்கும்போது அதைக்கூட மாற்ற உங்களுக்குப் பஞ்சியாக இருந்ததா?

நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கொப்பி என்னுடையது, அதிலிருப்பது என் கையெழுத்து, 1982 ஆவணியில் நான் எழுதியது, நீங்கள் எடுத்துக்கொண்டு போனது. இந்த நாலு விஷயத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒப்பம் வைத்து, குழுவுக்கு அனுப்புங்கள். அதன் பிறகு உங்கள் புள்ளியைப் பற்றிப் பேசலாம்.

பேனையைத் திருப்பி அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வெண்கட்டி தருகிறார்கள்.

இங்ஙனம்,
ந. பத்மாசினி

*

இலண்டன்,
27-3-1986

மச்சாள் பத்மாசினிக்கு,

சுகம். உமது சுகத்தை உமது கடிதத்தின் சூட்டிலேயே அறிந்துகொண்டேன்.

களவு என்ற சொல்லை எழுதமுன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அந்தக் கொப்பி இருவருடையதும். நான் கேள்வி கேட்டேன், நீர் கீறினீர். கேள்வி இல்லாமல் பதில் எங்கிருந்து வரும்? கொப்பியில் இருந்தது வெறும் பென்சில் கோடு. அதை இயந்திரத்துக்கு விளங்கும் பாஷையில் எழுதி ஓடவைத்தவன் நான். நீர் இன்றுவரை அது ஓடுவதைக் கண்ணால் கண்டதில்லை. உமது ஊரில் மின்சாரம் இருக்கும் நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

நீர் கேட்கும் கடிதத்தை எழுதினால் என்ன நடக்கும் தெரியுமா? இது என் சொந்த வேலை என்று கம்பனிக்கு ஒப்பமிட்டுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த நாளே என்னை வெளியே விடுவார்கள். வேலை போனால் விசா போகும். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடு தப்பி வந்தவன் நான். திரும்பி எங்கே வரச் சொல்கிறீர்?

ஒன்று செய்யலாம். புதிய பதிப்பின் முன்னுரையில் “உறவினர் பத்மாசினிக்கு நன்றி” என்று போடுவிக்கிறேன். குழுவுக்கு அதைக் காட்டும். போதும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எல்லாம் என்றைக்கும் இப்படித்தான். வேலியடைத்த பனையோலையில் ஒரு முழம் கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு என்று மாமா எங்கள் ஐயாவோடு ஐந்து வருஷம் முகம் பார்க்காமல் இருந்தார். ஐயா செத்த வீட்டுக்கும் வரவில்லை. அம்மா மாமாவின் கூடப் பிறந்த தங்கச்சி. ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடக்கிறா. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கிற மனம் உங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. நீர் எனக்கு நேர்மை படிப்பிக்கிறீர்.

கனகலிங்கம்

*

சிவமயம்

கொக்குவில்,
19-4-1986

கனகலிங்கத்துக்கு,

சுகம். போன கடிதத்தில் “நீங்கள்” என்று எழுதிக் கொஞ்ச மரியாதையை வீணாக்கிவிட்டேன். இனி “நீர்” போதும்.

உமது கடிதம் ஒன்பதாம் நாளே கிடைத்தது. அதன் பிறகு வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஊரிலே இரண்டு கிழமை ஒருவரும் வெளிக்கிடவில்லை, தபாற்கந்தோரும் பூட்டு. அந்த இரண்டு கிழமையும் உமது கடிதத்துக்கு மனதுக்குள் பதில் எழுதி எழுதி, கோபம் நன்றாக வற்றிக் கெட்டியாகிவிட்டது.

நீர் கேட்ட கேள்வி எது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. “பத்மா, கம்பஸ் திறந்ததும் காட்டவேணும், இதைச் செய்து தாறீரோ?” அதுதான் கேள்வி. உலகத்திலுள்ள எல்லாப் பதில்களுக்கும் அந்தக் கேள்வி போதுமென்றால் நீர் பெரிய மேதைதான்.

ஓடுவதை நான் கண்டதில்லையாம். கொம்பியூட்டர் இல்லாத வீட்டில் நான்தான் கொம்பியூட்டர். பதினொரு சதுரக் கொப்பி முடித்தேன். ஒவ்வொரு கோட்டையும் கட்டம் கட்டமாக, மிச்சத்தை ஓரத்தில் குறித்துக் குறித்து, இரண்டு முனையிலிருந்தும் ஓட்டிப் பார்த்தேன். அதனால்தான் உமது புள்ளி எங்கே விழும் என்று எனக்கு அப்போதே தெரியும். அரைப் படி வைக்கும்போது படியில் கட்டங்கள் ஒற்றையாக வந்தால் ஒரு கட்டம் மிஞ்சும். அது எந்த முனைக்குச் சேரும் என்பதுதான் முழு வில்லங்கமும். அதற்கு வழியும் எழுதினேன், கடைசித் தாளில். அந்தத் தாளுக்கு நான் போட்ட தலைப்பு “வேலிக் கணக்கு.” எங்கள் இரண்டு வீட்டு வேலியை வைத்தே உதாரணம் எழுதினேன், அறுபத்தொரு இடைவெளி, இரண்டு முனை.

அதைப் பார்த்துவிட்டு நீர் சிரித்தது நினைவிருக்கிறதா? “கணக்குக் கொப்பிக்குள்ளையும் உங்கடை ஐயாவின்ரை வழக்கோ” என்று கேட்டீர். அது வழக்கல்ல, முறையின் கடைசிப் படி. கொப்பி கொண்டுபோனபோது அந்தத் தாளை என்ன செய்தீரோ தெரியாது. கிழித்து அடுப்பில் போட்டிருப்பீர். போட்ட அன்றைக்கே உமது திரையில் புள்ளி விழுந்துவிட்டது.

“உறவினருக்கு நன்றி” எனக்கு வேண்டாம். என் உழைப்பை எனக்கே தானம் செய்யாதேயும். யூலை 31க்கு முன் அந்த நாலு வரி. அது வராவிட்டால் நான் படிப்பிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் களவெடுத்தவளாக நிற்பேன். உமது விசாவைவிட அது சின்ன விஷயம் என்று நினையாதேயும்.

மாமி சுகம்.

ந. பத்மாசினி

*

இலண்டன்,
10-5-1986

பத்மாசினிக்கு,

உமது நாலு வரி வராது. தாளும் வேண்டாம், உதவியும் வேண்டாம். புள்ளியை நானே தீர்த்துவிட்டேன். எந்த முனையிலிருந்து போடச் சொன்னாலும் துண்டு முனைகளை மாற்றி, எப்போதும் இடது பக்கத்திலிருந்தே தொடங்கும்படி எழுதிவிட்டேன். மூன்று வரி வேலை. வேலியும் வேண்டாம், பனையோலையும் வேண்டாம்.

குழுவுக்கு என்ன விளக்கம் கொடுக்கிறீரோ அது உமது பாடு. மாமாவைச் சுகம் விசாரித்ததாகச் சொல்லவும்.

கனகலிங்கம்

*

இலண்டன்,
11-5-1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அவ்விதம் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

அம்மா, ஒரு அவசரம். நான் வெளிக்கிட்ட அன்று சதுரக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பத்மாவிடம் கொடுங்கோ என்று உங்களிடம் தந்தேன். வேலியைப் பற்றிய தாள். நீங்கள் கொடுக்கவில்லை போல் தெரிகிறது. கொடுத்திருந்தால் அவள் என்னிடம் அப்படி எழுதமாட்டாள். அது உங்களிடம் இருந்தால் உடனே பதிவுத் தபாலில் எனக்கு அனுப்புங்கள். அதன் மேலே நானும் ஏதோ கிறுக்கியிருப்பேன், அது பரவாயில்லை, முழுத் தாளும் வேண்டும். இடப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று ஒரு வழி செய்து பார்த்தேன். திரைக்குச் சரிவந்தது. ஆனால் இதே துண்டைப் பேனை பிடித்துக் கடதாசியில் கீறும் இயந்திரத்துக்கும் விற்கிறோம். அங்கே பேனை ஒவ்வொரு கோட்டுக்கும் எழும்பி மறு முனைக்கு ஓடிப் போய்க் குந்துகிறது. நேரம் இரண்டு மடங்கு. மேலதிகாரி கத்துகிறார். உங்களுக்கு இது விளங்காது, விடுங்கோ.

பத்மாவுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம்.

அன்பு மகன்,
கனகு

*

சிவமயம்

கொக்குவில்,
18-6-1986

என்ரை மோன் கனகுவுக்கு அம்மா எழுதிக்கொள்ளுறது.

நான் சுகம் எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தனான். எழுத மனம் வரேல்லை. போன காத்திகை மாசம் கிணத்தடியிலை சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு. ஒண்டரை மாசம் ஆசுப்பத்திரி. இப்ப ஒரு ஆள் பிடிச்சாத்தான் எழும்பி நிப்பன். நீ அங்கை தனியக் கிடந்து அந்தரப்படுவாய் எண்டு எழுதாமல் விட்டனான். பத்மாவிட்டையும் எழுதாதை எண்டு சத்தியம் வாங்கினனான்.

ஓம், பத்மாதான். வேலியிலை நடுவிலை அடைக்காமல் விட்ட பொட்டு கிடக்கெல்லே, அதுக்குள்ளாலை வெள்ளன ஒருக்கா, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒருக்கா வருவாள். கஞ்சி வைச்சுத் தருவாள், தோய வார்ப்பாள், துணி அலசிப் போடுவாள். அண்ணை கண்டும் காணாத மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். என்னோடை இண்டைக்கும் கதைக்கிறேல்லை. ஆனால் பொட்டை அடைக்கவும் இல்லை. “ஒரு வாய் தண்ணி குடுக்க மனமில்லை” எண்டு நீ எழுதின காயிதத்தை அவள் எனக்குக் காட்டேல்லை. என்ரை கட்டிலடி மேசையிலை மறந்து விட்டிட்டுப் போனாள், நான்தான் எடுத்து வாசிச்சனான். வாசிச்சுப்போட்டு வெக்கத்திலை அண்டைக்கு அவள் தந்த கஞ்சி இறங்கேல்லை.

நீ கேட்ட தாள் என்னட்டைத்தான் இருந்தது. காணி உறுதியோடை சேத்து றங்குப்பெட்டிக்குள்ளை வைச்சிருந்தன். ஏன் குடுக்காமல் விட்டனான் தெரியுமோ? வேலி அறுபத்தொரு இடைவெளி, ஒரு வீட்டுக்கு முப்பது, மிஞ்சிற ஒண்டு எப்பவும் கிணத்தடிப் பக்கத்து வீட்டுக்கு, ஆர் முதல் துவக்கினாலும் சரி எண்டு அதிலை வடிவாய் எழுதியிருந்தாள். கிணத்தடிப் பக்கம் நாங்கள். கொப்பர் அதைக் கண்டால் திரும்பச் சண்டை துவங்கும் எண்டு பயந்து ஒளிச்சனான். அவர் போனாப்பிறகும் எடுத்துக் குடுக்கத் துணிவு வரேல்லை. உன்ரை காயிதம் வந்தாப்பிறகுதான் திரும்ப எடுத்து வாசிச்சன். நீ அதுக்கு மேலை எழுதினதையும் வாசிச்சன். மறந்துபோனாய் போலை. சொல்லுறன் கேள்.

“பத்மா, உம்மடை கொப்பியை நான் கொண்டு போறன். வேலிக் கணக்கு எனக்குத் தேவையில்லை, கிழிச்சு வைச்சிருக்கிறன், மாமாவுக்கு உதவும். கனகு. 14-8-83.”

உம்மடை கொப்பி எண்டு நீயே எழுதியிருக்கிறாய். உன்ரை கையெழுத்து எனக்குத் தெரியும், ஏடு துவக்கினதே நான்தான்.

நீ எனக்கு எழுதின காயிதத்திலை என்ரை சுகத்துக்கு ஒரு வரி, தாளுக்குப் பதினைஞ்சு வரி. எண்ணிப் பாத்தன். தாளை உனக்கு அனுப்பேல்லை. பத்மாவின்ரை கையிலை குடுத்திட்டன். அவள் அழுதாள். பிறகு நானே விளப்பமாக் கேட்டு அறிஞ்சன் கொழும்புக் கதையை. ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் கள்ளியாக்கி, அதிலை நீ பேர் எடுக்கிறது எனக்கு வேண்டாம் மோனை.

இருமல் வந்தால் மல்லித் தண்ணி அவிச்சுக் குடி.

அம்மா,
தி. குணலட்சுமி

*

இலண்டன்,
6-7-1986

பத்மாசினிக்கு,

அம்மாவின் கடிதம் கிடைத்தது. அவவுக்கு இடுப்பு உடைந்து ஏழு மாதமாகிறது. எனக்கு நீர் எழுதியது “மாமி சுகம்.” இரண்டு சொல். அம்மா சத்தியம் வாங்கினா என்று எழுதியிருக்கிறா. அதெல்லாம் ஒரு சாட்டு. என் தாயைப் பார்க்கிறேன் என்று போய், அவவின் மனதை எனக்கு எதிராகத் திருப்பித் தாளை வாங்கிவிட்டீர். பொட்டுக்குள்ளால் வந்தது கஞ்சி கொடுக்கவா, இதற்காகவா?

சரி. கெட்டித்தனம்தான். இப்போது கேளும். அந்தத் தாளைக் குழுவுக்கு அனுப்பாதேயும். அவர்கள் கம்பனிக்கு எழுதினால் நான் முடிந்தேன். குழுவுக்கு நானே எழுதுகிறேன், “இது எங்கள் இருவரின் கூட்டு முயற்சி” என்று. உமக்குப் புலமைப்பரிசில் கிடைக்கும், எனக்கு வேலை மிஞ்சும். பாதிக்குப் பாதி. இதைவிட நியாயம் என்ன இருக்கிறது? பதிலுக்கு அந்தக் கடைசிப் படியை மட்டும் எழுதி அனுப்பும். அம்மா எழுதியது எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. ஜூலை முடிவுக்குள் அது கிடைக்கவேண்டும்.

அம்மா நடக்கிறாவா? வலி இருக்கிறதா? டொக்டர் என்ன சொல்கிறார்? இதையாவது ஒளிக்காமல் எழுதும்.

கனகலிங்கம்

*

சிவமயம்

கொக்குவில்,
20-8-1986

கனகலிங்கத்துக்கு,

நான் சுகம். ஐயாவும் சுகம். மாமிக்குச் சுகமில்லை. இனி அதை ஒளிக்கத் தேவையில்லை.

மாமியின் எலும்பு பொருந்தியது கோணலாக. கம்பு ஊன்றி அறையிலிருந்து குசினி வரை வருவா. படி இறங்கமாட்டா. குளிர் நாட்களில் வலி கூட. டொக்டர் இனி இதற்குமேல் நேராகாது என்கிறார். இவ்வளவும் என் முதல் கடிதத்திலேயே உமக்கு எழுதியிருக்கலாம். சத்தியம் ஒரு காரணம்தான். என் பெயரை உம்மிடம் கேட்கிற நேரம் உமது தாயைத் தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீர் என்னைப் பற்றி நினைத்தது வேறு. நீர் கனவிலும் அப்படித்தான் நினைப்பீர், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, அருவருப்புத்தான்.

உமது ஆறாந் திகதிக் கடிதம் வந்தபோது தாள் கொழும்புக்குப் போய்விட்டது. டவுனில் போட்டோக் கொப்பி எடுத்து மூலத்தோடு அனுப்பினேன். இந்த மாதம் எட்டாம் திகதி என்னை நேரில் கூப்பிட்டார்கள். பதினாறு மணித்தியாலம் பஸ்ஸில் போனேன், ஆனையிறவில் ஆமிச் சோதனைக்கு இறங்கி நடந்து, வவுனியாவில் இறங்கி நடந்து. மூன்று பேர் இருந்தார்கள். வயதானவர் ஒருவர் சதுரத் தாள் ஒன்றைத் தந்து, பதினேழுக்கு ஐந்து கோட்டை இந்த முனையிலிருந்து போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தாளில் அந்த முனையிலிருந்து போடச் சொன்னார். போட்டேன். இரண்டையும் யன்னல் வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்று பிடித்துப் பார்த்தார். பிறகு உமது கையேட்டைத் திறந்து, அதிலுள்ளபடி தானே இரண்டு முறை போட்டுப் பார்த்தார். ஒரு கட்டம் பிசகியது. “கையேட்டில் இல்லாதது, அதைப் பார்த்து எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை” என்று மற்ற இருவருக்கும் சொன்னார். வேறு கேள்வி கேட்கவில்லை.

புலமைப்பரிசில் எனக்கு. புரட்டாதி பன்னிரண்டில் போகிறேன்.

உமது கம்பனிக்கு நான் ஒரு சொல்லும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். குழு எழுதுமோ தெரியாது. அந்தக் கடிதம் நீர் எழுதவேண்டியது. பாதிக்குப் பாதி எனக்கு வேண்டாம். நீர் செய்த பாதி எது என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடைசிப் படியைக் கேட்டிருந்தீர். உமது ஜூலை போய்விட்டது, ஆனாலும் எழுதுகிறேன். இதை மறைத்து வைத்து நான் ஒன்றும் சம்பாதிக்கப் போவதில்லை.

எங்கள் வேலியையே எடும். தெருவோர ஒழுங்கை முனையிலிருந்து எங்கள் வீடு அடைக்கிறது, கிணற்றடி முனையிலிருந்து உங்கள் வீடு. முப்பது, முப்பது, நடுவில் ஒன்று மிச்சம். எழுபத்தொன்பதில் ஐயா முதல் தொடங்கினார். முப்பது அடைத்துவிட்டு, பிந்தித் தொடங்குகிறவருக்குத்தான் ஒற்றை என்று வந்துவிட்டார். உங்கள் ஐயாவோ முந்தித் தொடங்கியவருக்குத்தான் ஒற்றை என்று தன் முப்பதோடு நிறுத்திவிட்டார். பொட்டுக்குள்ளால் மாடு வந்து கத்தரி முழுவதையும் மேய்ந்தது. இருவரும் கணக்கில் பிழை விடவில்லை. ஒற்றையை யார் தொடங்கினார் என்பதோடு முடிச்சுப் போட்டதுதான் பிழை. உமது துண்டும் அதே பிழையைத்தான் விடுகிறது. தொடங்கிய முனைக்கு ஒற்றையைக் கொடுக்கிறது. முனை மாறினால் ஒற்றையும் மாறுகிறது, ஒரு கட்டம் அழியாமல் நிற்கிறது. ஆகவே ஒரு பக்கத்தை ஒரே தடவை தீர்மானித்துவிடும். மேல் முனையோ கீழ் முனையோ, ஏதாவது ஒன்று. கோடு எங்கிருந்து தொடங்கினாலும் ஒற்றை அந்தப் பக்கத்துக்குத்தான். முனைகளை மாற்றவேண்டாம், பேனை எழும்பவேண்டாம். புள்ளி விழாது.

வேலிக்கு நான் கிணற்றடிப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வீட்டில் அப்போது ஆண்பிள்ளை இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

எட்டு மாதம் அந்தப் பொட்டுக்குள்ளால் நான் போய் வந்தேன். நான் போனபின் ஐப்பசி முடியும் வரை முன்வீட்டுப் பராசக்தி அக்கா வந்து சமைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறா. அதன் பிறகு அவவின் மகளுக்குப் பிள்ளைப்பேறு, நெல்லியடிக்குப் போய்விடுவா. ஐயாவை மாமியோடு கதைக்க வைக்க நான் எவ்வளவோ முயன்றேன், ஏலாமல் போய்விட்டது. கார்த்திகை முதலாம் திகதி காலை மாமியை எழுப்பி நிறுத்த இந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

நீர் முந்தித் தொடங்கினீரா, நான் முந்தித் தொடங்கினேனா என்று இனி ஆளுக்கு ஆள் கடிதம் எழுதத் தேவையில்லை. ஒற்றை கிணற்றடிப் பக்கத்துக்கு. கிணற்றடிப் பக்கம் நீர்.

கொப்பிக்குச் சொந்தக்காரி,
ந. பத்மாசினி